தங்கை தாவரவியல் கேட்கிறாள், வீட்டில் எல்லோரும் பி.சி.ஏ. என்கிறார்கள்: நம் பக்கத்துக் கல்லூரிகளில் எந்தப் பாடத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

வெட்டாற்றுக்காரன் – வெள்ளி, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கொரடாச்சேரி பக்கம், நான் எட்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி, பயோ மேத்ஸ் குரூப். தமிழ், ஆங்கிலம் போக நான்கு பாடத்தில் 400க்கு 342. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாயிற்று. கவுன்சிலிங் தேதி வரப்போகிறது.

சிக்கல் பாடம்தான். அவள் பி.எஸ்சி. தாவரவியல் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், மாவு மில்காரர் வரை எல்லோரும் பி.சி.ஏ. போடு, இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு என்கிறார்கள். சித்தப்பா சொல்லும் காரணம் ஒன்றுதான்: "கூட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கும். தாவரவியலுக்கு ஆளே வருவதில்லை, அதிலிருந்தே தெரியவில்லையா?" இதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், நானும் கூட்டத்தைப் பார்த்துப் போனவன்தான். 2011ல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கிடைப்பது பெரிய காரியம். எங்கள் தெருவில் நான்கு பேர் அதே வருடம் மெக்கானிக்கல். மூன்று வருடம் கழித்து வெளியே வந்தபோது எல்லோர் கையிலும் அதே சான்றிதழ், ஸ்ரீபெரும்புதூரில் எல்லோருக்கும் அதே ஒப்பந்த வேலை. இப்போது அதே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அறுப்புக்காகத் தண்ணீர் வடித்த வயல், வரப்போரம் அம்மா ஆரைக்கீரை பறித்துக்கொண்டிருந்தார். தங்கை ஒரு கொத்தை வேரோடு பிடுங்கிச் சேற்றை அலசி என்னிடம் காட்டினாள். நான்கு இலையும் குடை மாதிரி விரிந்திருந்தது. "அண்ணா, இதில் பூவே வராது, இது பெரணி ஜாதி" என்றாள். காம்பின் அடியில் சின்னதாக, அவரை விதை மாதிரி கறுப்பாக இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன, அதை நகத்தால் கீறிக் காட்டி வித்து இதற்குள்தான் இருக்கிறது, தண்ணீர் வற்றினால்தான் இது வரும் என்றாள். முப்பது வருடமாக அந்தக் கீரையைச் சாப்பிடுகிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு பி.சி.ஏ. போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பணம் அனுப்புகிறவன் நான், நாளைக்கு வேலை இல்லை என்றால் பொறுப்பும் என்னுடையது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை மைந்தன் – வெள்ளி, இரவு 10.40

பி.சி.ஏ. போடுங்கள் தம்பி. 342க்கு நல்ல கல்லூரியிலேயே கிடைக்கும். தாவரவியலை வைத்து என்ன செய்வது, பி.எட். முடித்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பி.எஸ்சி. அக்ரிக்கு 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் போட்டீர்களா?

வெட்டாற்றுக்காரன் – வெள்ளி, இரவு 10.51

போட்டோம் அண்ணே. ரேங்க் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அது வராது.

இலைநரம்பு – சனி, காலை 6.20

நான் டெல்டாவில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். கல்லூரிப் பெயர் வேண்டாம். நான்கு வருடமாகக் கவுன்சிலிங் மேசையில் உட்காருகிறேன், அதனால் உங்கள் சித்தப்பாவுக்கு நான் பதில் சொல்கிறேன்.

அரங்கத்தில் ஒரு கரும்பலகை வைத்திருப்போம். இடப்பக்கம் பாடங்களின் பெயர், மேலே பொது, பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. என்று கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மீதி இடம். ஒருவர் இடம் எடுத்ததும் அந்த எண்ணை அழித்து ஒன்று குறைத்து எழுத வேண்டும். பி.காம். வரிசையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், அழித்து அழித்து அந்த இடமே வெள்ளையாகிவிடும். பதினொரு மணிக்கு அங்கே பெரும்பாலும் பூஜ்யம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. அதற்குப் பின்னாலேயே. தமிழும் ஆங்கிலமும் தனிக் கணக்கு, அவற்றுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை, அங்கேயும் கூட்டம் உண்டு. கணிதம், இயற்பியல், தாவரவியல் வரிசையில் காலையில் எழுதிய எழுத்தே மூன்று மணிக்கும் பல கட்டங்களில் அப்படியே இருக்கும். ஒரு காலத்தில் கணிதத்துக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தவர்கள் இருந்த ஊர் இது.

இப்போது ஏன் என்று பாருங்கள். பி.காமுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பி.காமைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. பத்தாவது முடித்து பதினொன்றில் காமர்ஸ் குரூப் எடுத்தபோதே அது முடிவாகிவிட்டது. கிராமத்து மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால், கணிதத்துக்கு ஆள் இல்லை என்றால், சயின்ஸ் குரூப்பில் யார் சேருவார்கள்? காமர்ஸ் படித்த பிள்ளைக்கு இயற்பியலோ தாவரவியலோ கிடைக்காது, விதியே இடம் தராது. ஆனால் சயின்ஸ் படித்த பிள்ளை பி.காமுக்கோ, வரலாற்றுக்கோ, தமிழுக்கோ போகலாம். கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது. அப்படியிருக்க எந்த அறையில் கூட்டம் சேரும் என்று சொல்லவா வேண்டும்.

இரண்டாவது, ஷிப்ட். எங்கள் கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு. மதிய ஷிப்ட் முடிந்து கிளம்பினால் உள்ளூர் டவுன் பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேர இருட்டிவிடும். "மேடம், காலை ஷிப்ட்டில் எது இருக்கிறது?" என்றுதான் அம்மாக்கள் முதலில் கேட்பார்கள், பாடத்தின் பெயரை இல்லை. போன வருடம் ஒரு பெண், நல்ல மதிப்பெண், வேதியியல் வேண்டும் என்று வந்தவள், காலை ஷிப்ட்டில் அது முடிந்துபோய் வரலாற்றுக்குப் போனாள். அந்தப் பெண்ணும் "வரலாற்றுக்கு இத்தனை பேர்" என்ற கணக்கில்தான் சேருகிறாள்.

மூன்றாவது, தனியார் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும். கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கிற பிள்ளை நேராகப் பொறியியலுக்குப் போய்விடுகிறது, அதிலும் கம்ப்யூட்டர். பி.எஸ்சி. கணிதம் என்பது பொறியியல் கிடைக்காதவர்கள் வருகிற இடம் என்று பேராகிவிட்டது. பேர் கெட்ட பிறகு, வரவேண்டிய பிள்ளைகளும் வருவதில்லை.

ஆகவே கூட்டத்தைப் பார்த்து ஒரு பாடத்தின் தரத்தை எடை போடாதீர்கள். பள்ளியில் எந்த ஆசிரியர் இருந்தார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம்தான் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறது.

கணக்குப்புத்தகம் – சனி, காலை 9.05

இலைநரம்பு மேடம் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் மயிலாடுதுறை பக்கம், காமர்ஸ் குரூப்தான், பி.காம்., இப்போது கும்பகோணத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். நான் வேறு வழியில்லாமல் பி.காம். போனவள் இல்லை. எங்கள் அப்பா நெல் வியாபாரம், கமிஷன் கடை. ஜி.எஸ்.டி. 2017ல் வந்தபோது கடைத்தெருவே விழித்தது. கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வீடு தேவைப்பட்டது. பாத்திரக்கடை, வெற்றிலை மண்டி, ஜவுளிக்கடை, எல்லோருக்கும் மாதாமாதம் ரிட்டர்ன் போட வேண்டும். கும்பகோணம் மாதிரிக் கடைத்தெருவை நம்பி வாழும் ஊரில் பி.காமுக்குக் கூட்டம் வருவதில் என்ன ஆச்சரியம்? ஊரில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துத்தான் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பி.காம். என்று போட்டுப் பின்னால் அடைமொழி சேர்த்த படிப்புகள் நிறைய வந்துவிட்டன. எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்.

பாமணியாறு – சனி, காலை 9.30

அடைமொழி விஷயத்தில் நான் அடிபட்டவள், அதனால் எழுதுகிறேன். நான் படித்ததும் உயிரியல் சார்ந்த ஒரு புதுப் பெயர்ப் படிப்பு. சேரும்போது ஊரெல்லாம் அதற்குத்தான் ஓடினார்கள், நன்கொடை கொடுத்துச் சேர்ந்தவர்கள்கூட உண்டு. எம்.எஸ்சி., பி.எட். எல்லாம் முடித்து ஒரு வேலைக்குத் தேர்வும் எழுதித் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்தபோது, உங்கள் பட்டம் தாவரவியலுக்கும் இணையில்லை, விலங்கியலுக்கும் இணையில்லை என்றார்கள். மேசையில் இருந்தவர் அரசாணையை எடுத்துக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

எனவே எந்தப் பாடமானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் இணைத்தன்மைக்கு அரசாணை இருக்கிறதா? இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக வருமா? முதுநிலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். தாவரவியல் என்று நேராகப் பெயர் இருக்கும் பட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடைமடை – சனி, மதியம் 1.15

எல்லோரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தலைஞாயிறு பக்கம். தண்ணீரும் எங்களுக்குக் கடைசியில்தான் வரும், வேலையும் அப்படித்தான். என் அக்கா தாவரவியல். ஆசைப்பட்டுத்தான் படித்தார். பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எட். என்று ஏழு வருடப் படிப்பு. ஆசிரியர் தகுதித் தேர்வும் தேறிவிட்டார். அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும், அதற்கு அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து வயது 33. ஒரு தனியார் பள்ளியில் மாதம் 9,000 ரூபாய்க்குப் பாடம் எடுக்கிறார். தாவரவியல் மட்டுமில்லை, ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். அவருடன் பள்ளியில் படித்த பெண், அவரைவிடக் குறைந்த மதிப்பெண், கம்ப்யூட்டர் படித்துச் சென்னையில் வீடு வாங்கிவிட்டார்.

ஆர்வத்தைப் படி என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர்கள். அக்கா இரவு பதினொரு மணிக்கு விடைத்தாள் திருத்துவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தங்கையின் முகம் ஆரைக்கீரையைப் பார்த்து மலர்ந்தது சரி. என் அக்காவின் முகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

இலைநரம்பு – சனி, மாலை 5.50

கடைமடை தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். நானே முனைவர் பட்டம் வாங்கி நிரந்தரம் இல்லாத வேலையில்தான் இருக்கிறேன். அதனால் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் அக்காவைக் கைவிட்டது தாவரவியலா? அவருக்குக் காட்டப்பட்டது ஒரே வழி: பி.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தேர்வு. எங்கள் துறையிலேயே அப்படித்தான் சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டோம். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் இந்திய வனப்பணித் தேர்வுக்கான பட்டப்பாடங்களில் தாவரவியல் பெயர் சொல்லியே இருக்கிறது என்று நாங்கள் சொல்வதில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு, அதில் பயோடெக்னாலஜி தாளைத் தாவரவியல் பிள்ளை எழுதலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் நம் வாசலிலேயே 2009லிருந்து இருக்கிறது, அதன் முதுநிலைக்கு க்யூட் (CUET) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இதையெல்லாம் இரண்டாம் வருடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

வெட்டாற்றுக்காரன் தம்பிக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தாவரவியல் படித்தால் வேளாண் அலுவலர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு பி.எஸ்சி. வேளாண்மைதான் வேண்டும், இது வேறு அது வேறு. இந்தக் குழப்பத்திலேயே சேர்ந்து மூன்றாம் வருடம் அழுத பிள்ளைகள் உண்டு.

பட்டதாரி ஆசிரியர் வழியைப் பற்றியும் ஒன்று. அங்கே எடுக்கும் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். கம்ப்யூட்டர் சயின்ஸ் அதில் இல்லை, பி.காமும் இல்லை. எல்லோரும் ஓடுகிற பாடத்துக்கு இந்தக் கதவு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கடைமடை தம்பி, உங்கள் அக்காவுக்கு அந்தக் கதவு இருந்தும் திறக்கவில்லை என்பது வேறு வலி.

கடைமடை – சனி, இரவு 8.02

மேடம், ஜாம் தேர்வு பற்றி அக்காவுக்கு இன்றுதான் தெரியும். நான் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

சோழிங்கநல்லூர் தஞ்சாவூரான் – சனி, இரவு 9.20

நான் தஞ்சாவூர், பி.எஸ்சி. இயற்பியல் படித்து ஐ.டி.யில் பன்னிரண்டு வருடம். ஆட்கள் எடுக்கும் வேலையிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசம் என்று சொல்ல மாட்டேன், எனக்குச் சோறு போடும் தொழில் அது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கல்லூரியில் வளாகத் தேர்வுக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். இறுதியாண்டில் இரண்டு பிரிவு, நூற்றுக்கு மேல் பிள்ளைகள். ஆய்வகத்தில் ஓடுகிற கணினி எத்தனை என்று எண்ணினேன், முப்பதைத் தொடவில்லை. ஒரு கணினிக்கு மூன்று பேர், ஒருவர் தட்டச்சு செய்ய இரண்டு பேர் வேடிக்கை. மூன்று வருடம் அப்படிப் படித்துவிட்டு நேர்காணலில் ஒரு சின்ன நிரலைத் தாளில் எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது. அந்தப் பிள்ளைகள் மக்குகள் இல்லை. இடத்தைக் கூட்டினார்கள், ஆய்வகத்தைக் கூட்டவில்லை. பொறியியலிலும் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024ல் எடுத்துவிட்டார்கள், கம்ப்யூட்டர் பிரிவு வீங்கிக்கொண்டே போகிறது.

அப்புறம், பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் படித்தவர்களையும் எடுக்கின்றன. என்னுடன் சேர்ந்தவர்களில் கணிதம் படித்தவர்கள்தான் ஆறு மாதத்தில் முன்னால் போனார்கள். அதனால் கம்ப்யூட்டர் வேலை வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் பட்டம்தான் வேண்டும் என்பது பாதி உண்மை. தாவரவியலில் இருந்து வருவது இதைவிடக் கடினம், அதை மறைக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். கல்லூரிக்கு நேரில் போய், சேரப்போகிற துறையின் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் கை பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வாத்தியார் – ஞாயிறு, காலை 7.10

கும்பகோணத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் பேரன் காட்டினான். கூட்டம் எப்படி இடம் மாறும் என்பதைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் படித்தபோது பிளஸ் டூ கிடையாது, அது 1978ல்தான் வந்தது. பி.யு.சி. ஒரு வருடம், பிறகு பட்டம். அப்போது பி.எஸ்சி. கணிதமும் இயற்பியலும்தான் மேல்தட்டு. பி.ஏ. பொருளாதாரம் படித்தால் வங்கிக்கும் எல்.ஐ.சி.க்கும் போகலாம் என்று அதற்கும் போட்டி. பி.காமுக்குக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். பொறியியலுக்கு நம் பக்கத்தில் திருச்சி ஆர்.இ.சி. (இப்போதைய என்.ஐ.டி.), சிதம்பரம் அண்ணாமலை என்று எண்ணிச் சொல்லும்படிதான் இருந்தது, அங்கே ஒரு பிள்ளை போனால் தெருவே பேசும். 1984ல் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வந்தது, அதே வருடம் தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்திலும் ஒன்று வந்தது. அன்றிலிருந்து என் வகுப்புகளில் முதல் பெஞ்சு மெல்ல மெல்லக் காலியாவதைப் பார்த்தேன். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500ஐத் தாண்டியிருந்தன, அதில் எத்தனையோ பிறகு பூட்டிக்கொண்டன. என் மாணவர்களில் சிவில்தான் வேண்டும் என்று அடம்பிடித்த ஆண்டும் பார்த்தேன், எலக்ட்ரானிக்ஸுக்கு ஓடிய ஆண்டும் பார்த்தேன். தம்பி எழுதிய மெக்கானிக்கலும் அப்படித்தான். சேரும்போது இருக்கும் கூட்டம் சேரும் வருடத்தின் வேலைச் சந்தையைப் பார்த்து வருகிறது, பிள்ளை வெளியே வருவதோ மூன்று நான்கு வருடம் கழித்து. குறுவைக்கு விலை நன்றாக இருந்தது என்று எல்லோரும் அடுத்த பட்டத்துக்கு அதே ரகம் போடுவதைப் போலத்தான், அறுக்கும்போது களத்தில் எல்லார் நெல்லும் ஒன்றாக வந்து நிற்கும்.

சரி, ஆர்வம். எங்கள் ஊரில் ஆர்வம் என்றால் உடனே ராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். அவர் 1904ல் எங்கள் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகை போயிற்று. வீட்டை விட்டே விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. அவர் மேதை, எப்படியோ வெளியே வந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை வேண்டாம். தாவரவியல் எடுக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு வருடம் தமிழ், ஆங்கிலம், துணைப்பாடம் என்று எல்லாம் உண்டு. பிடித்த பாடத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது ஆங்கிலத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பாடத்தில் தோற்பதில்லை, பாடத்தை ஆங்கிலத்தில் சொல்வதில்தான் தோற்கிறார்கள். நாற்பது வருடம் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

பேராவூரணி தென்னை – ஞாயிறு, காலை 11.45

நான் நர்சரி வைத்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் பக்கத்துத் தென்னை முழுக்கச் சாய்ந்தது, அதற்குப் பிறகு கன்றுக்கு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. அப்போது ஒரு கன்றைப் பார்த்து இது நோயா, சத்துக் குறைவா, உப்புத் தண்ணீரா என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் கிடைத்திருந்தால் எனக்கு இரண்டாயிரம் கன்று மிஞ்சியிருக்கும். மருந்துக்கடைக்காரர் சொன்னதை அடித்தேன், போயிற்று.

பட்டம் எதுவானாலும் இலையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை வந்தால் நான் வேலை கொடுப்பேன். சம்பளம் சென்னை சம்பளம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னை மைந்தன் – ஞாயிறு, மதியம் 12.10

முதலில் பி.சி.ஏ. போடுங்கள் என்று எழுதியவன் நான். இத்தனையும் படித்த பிறகும் என் பிள்ளையாக இருந்தால் கம்ப்யூட்டர்தான் போடுவேன். மூன்று வருடத்தில் சம்பாதிக்க வேண்டிய வீடு என்னுடையது, ஏழு வருடம் காத்திருக்க முடியாது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிற வீடு வேறு. ஆனால் ஆய்வகத்தைத் திறந்து பார்க்கச் சொன்னது நல்ல யோசனை, என் மகனுக்கு அதைச் செய்வேன்.

இலைநரம்பு – ஞாயிறு, மதியம் 2.30

மன்னை அண்ணன் சொன்னது நியாயம். வீட்டு நிலைமையைப் பார்க்காமல் பாடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெட்டாற்றுக்காரன் தம்பி, தங்கை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், வங்கிக் கணக்கையும் ஆதாரையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அந்த 1,000 ரூபாயை மட்டும் வீட்டுச் செலவில் கரைத்துவிடாமல், தேர்வுக் கட்டணத்துக்கும் ஆங்கிலத்துக்கும் என்று ஒதுக்கி வையுங்கள்.

வெட்டாற்றுக்காரன் – பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 9.35

எல்லோருக்கும் நன்றி. கவுன்சிலிங் முந்தாநாள் முடிந்தது. நான் இங்கே இருக்கிறேன், அம்மாவும் தங்கையும்தான் போனார்கள், அவர்கள் போனில் சொன்னதை எழுதுகிறேன்.

இலைநரம்பு மேடம் எழுதியது மாதிரியே கரும்பலகையாம். இவள் பெயரைக் கூப்பிட்டபோது பி.சி.ஏ.வில் எங்கள் பிரிவுக்கு இரண்டு இடம் இருந்திருக்கிறது, தாவரவியலில் பெரும்பாலும் எல்லாமே இருந்திருக்கிறது. மேசையில் இருந்த சார், "இந்த மார்க்குக்கு பி.சி.ஏ. கிடைக்கிறதே, நன்றாக யோசித்துச் சொல்லம்மா" என்றாராம். இவள் தாவரவியல் என்றாள். சார் அம்மாவைப் பார்த்தார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அது காலையிலா, மதியமா சார்?" காலை என்றதும், "அதையே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முதல் வாரம் இருவரும் நேரில் போய் ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு மர அலமாரியில் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி ஒட்டிய செடிகள், ஒவ்வொன்றின் கீழும் எடுத்த ஊர், தேதி, எடுத்தவர் பெயர். ஒரு தாளில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பெயர் இருந்ததாம், தங்கை அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்தத் தாளில் இருந்தது நீர்முள்ளி, எடுத்த வருடம் 1987.

சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடம் கழித்துப் பேசுவோம் என்றார். ஆங்கிலத்துக்கு வாரம் மூன்று நாள் நானே போனில் பேசுகிறேன் என்று ஏற்பாடு, வாத்தியார் ஐயா சொன்னதற்காக. கடைமடை அண்ணே, அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மேடம், ஒரு கேள்வி. அடுத்த மாதம் இங்கிருந்து ஒருவர் ஊருக்கு வருகிறார். பிராக்டிகலுக்கு என்ன வாங்கி அனுப்ப வேண்டும்? மைக்ரோஸ்கோப் வாங்கட்டுமா?

இலைநரம்பு – அடுத்த நாள், காலை 6.05

மைக்ரோஸ்கோப் வேண்டாம், அது துறையில் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ் ஒன்று, மடக்கி வைக்கிற மாதிரி, அதை மட்டும் நல்லதாக அனுப்புங்கள். தண்டை மெல்லிசாகச் சீவுவதற்குச் சாதாரண ஷேவிங் பிளேடு, மெல்லிய தூரிகை, இரண்டு ஊசி, இவை எல்லாம் திருவாரூரிலேயே கிடைக்கும். பழைய செய்தித்தாளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், செடி அழுத்துவதற்கு வேண்டும். பிராக்டிகலில் பெரணி வந்தால் கடையில் விற்கிற மாதிரியை வைத்துச் சமாளிக்க வேண்டாம், அம்மா கீரை பறிக்கிற அந்த வரப்பிலிருந்தே ஆரையை வேரோடும் அடியில் இருக்கும் வித்தோடும் எடுத்து வரச் சொல்லுங்கள், இப்போது வராது, தை பிறந்து தண்ணீர் வடியட்டும்.